உடல் எடையைக் குறைக்க இரு வழிகள்: மாற்று உணவுத் தூளும் மாவுச்சத்துக் குறைப்பும்

மும்பை மாநகரில் செம்பூரை அடுத்துள்ள திலக் நகர், வீட்டு வசதி வாரியத்தார் எழுப்பிய குடியிருப்புகளால் உருவான பகுதியாகும். துறைமுக இரயில் பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே அதன் நிலையம் அமைந்துள்ளது. அருகிலுள்ள லோகமான்ய திலக் முனையத்திலிருந்து தென்னாட்டுக்கு வண்டிகள் புறப்படுகின்றன. மாதுங்கா, தாராவி ஆகிய இடங்களில் போலவே இப்பக்கத்திலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. காலையில் இட்டலி, நண்பகலில் சாம்பாருடன் சோறு, மாலையில் காப்பியுடன் ஏதேனும் பலகாரம், இரவில் மறுபடியும் சோறு அல்லது இந்நகர வழக்கப்படி சப்பாத்தி. இதுவே பெரும்பாலான வீடுகளின் அன்றாட உணவு. மாடிப்படி ஏறி இறங்க வேண்டியிருந்த பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, மின்தூக்கி பொருத்திய உயர்மாடங்கள் எழுந்துவிட்டன. உண்ணும் உணவு மாறவில்லை. உழைப்பு மட்டும் குறைந்துவிட்டது.

இக்கட்டுரையாளர் வசிக்கும் கட்டடத்தில், பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை உண்பவர். எடை கூடிவிட்டதென்று வருந்திய அவருக்கு, மகன் மாற்று உணவுத் தூள் அடைத்த டப்பாக்கள் இரண்டு வாங்கித் தந்தார். காலையும் இரவும் உணவுக்குப் பதிலாக அத்தூளை நீரில் கரைத்துப் பருகினார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் உட்கொண்டார். நான்காம் நாள் காலை, திலக் நகர் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறும்போது உடல் வியர்த்து, கை கால் நடுங்கிக் கண் இருண்டு அமர்ந்துவிட்டார். வழிப்போக்கர் ஒருவர் சர்க்கரை மிகுந்த தேநீர் வாங்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிவு பிறந்தது. அன்று மாலை அவர் இக்கட்டுரையாளரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நான் செய்த தப்பு எது? தூளா, மாத்திரையா? இதற்குச் சோற்றையே குறைத்திருக்கலாமோ?"

இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. கிராமங்களிலும் நகரங்களிலும் பணிபுரியும் களப்பணியாளரும் பள்ளி ஆசிரியரும் இன்று அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்கு விடை கூறுவதற்கு விஞ்ஞானம் எவ்வளவு தூரம் துணை நிற்கிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

பருமன் என்பது எது?

ஒருவரது எடையைக் கிலோகிராமில் கண்டு, அதனை அவரது உயரத்தின் (மீட்டர் அளவில்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். 1.6 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவருக்கு இவ்வெண் 25 ஆகும். உலக அளவில் 25க்கு மேல் மிகை எடை என்றும், 30க்கு மேல் பருமன் என்றும் வகுத்துள்ளனர். இந்தியருக்கு இவ்வரம்பு தாழ்வானது. 23க்கு மேற்பட்டால் மிகை எடை, 25க்கு மேற்பட்டால் பருமன் என்று நம் நாட்டு நிபுணர்கள் 2009இல் உடன்பட்டு வரையறுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது.

நமக்கு மட்டும் ஏன் தாழ்ந்த வரம்பு? புனே நகர மருத்துவ விஞ்ஞானி சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களும், இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ஜான் யட்கின் அவர்களும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்களையே உதாரணமாக்கி ஒரு படம் வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே, 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவிகிதம். பார்வைக்கு மெலிந்தவராயினும் இந்தியரின் உடலில் தசை குறைவு, கொழுப்பு மிகுதி என்பதை இதனினும் தெளிவாக விளக்க இயலாது. அக்கொழுப்பு வயிற்றறையிலும் கல்லீரலிலும் சேரும்போது இன்சுலின் தன் பணியைச் சரிவரச் செய்ய இயலாமற் போகிறது.

2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவிகிதத்தினரும் ஆண்களில் 37 சதவிகிதத்தினரும் குறியீட்டெண் 25ஐ எட்டியோ கடந்தோ இருந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அவற்றின்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர். நீரிழிவின் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர். ஆதலின் எடைக்குறைப்பு என்பது அழகைப் பற்றிய பேச்சன்று. குடும்பங்களின் ஆரோக்கியத்தையும் வருவாயையும் பற்றியது.

மாற்று உணவின் வரலாறு

ஒருவேளை உணவை அறவே நீக்கி, அதன் இடத்தில் கலோரி, புரதம், உயிர்ச்சத்து, தாதுப்புக்கள் ஆகியவை அளந்து சேர்க்கப்பட்ட தூளையோ பானத்தையோ உண்பதே மாற்று உணவு முறை. 1959இல் அமெரிக்க நாட்டில் 'மெட்ரிகால்' என்னும் பெயரில் இத்தகைய தூள் விற்பனைக்கு வந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. நாளொன்றுக்கு 900 கலோரி அளிக்கும் அளவு அதில் வகுக்கப்பட்டிருந்தது. பின்னர் 1970களின் பிற்பகுதியில் திரவப் புரதம் என்ற பெயரில் வேறு பானங்கள் அங்கே பரவின. தோல், தசைநார் போன்றவற்றிலிருந்து எடுக்கப்பட்ட தரம் குறைந்த புரதமே அவற்றில் இருந்தது. அவற்றை மட்டுமே பருகி வந்தவர்களிற் பலர் இதயத் துடிப்புக் குலைந்து மாண்டனர். புரதம் எவ்வளவு என்பது மட்டுமன்றி, எத்தகைய புரதம் என்பதும் முக்கியம் என்ற பாடத்தை உலகம் அவ்வாறுதான் கற்றது.

இப்பொழுது இதற்குச் சர்வதேச நெறி உண்டு. உலக உணவுத் தர நிர்ணயக் குழுவினர் 1991இல் வகுத்த தரத்தின்படி, ஒருவேளை உணவுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள் 200 முதல் 400 கலோரி வரை அளிக்க வேண்டும். நாள் முழுவதற்கும் மாற்றாக விற்கப்படுவது 800 முதல் 1,200 கலோரி வரை அளிக்க வேண்டும். அக்கலோரியில் நான்கில் ஒரு பங்கேனும் புரதத்திலிருந்து கிடைக்க வேண்டும். ஆனால் பாதிக்கு மேற்படலாகாது. கடையில் வாங்கும் டப்பா இவ்வளவுக்கு உட்பட்டதா என்பதை அதன் மேற்சீட்டைப் படித்தே அறிந்துகொள்ளலாம். வெறும் புரதத் தூள் வேறு, மாற்று உணவு வேறு. வளரும் குழந்தைகளுக்கான பானத் தூளும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் கருதுவது சாதாரணமாக நேரும் பிழை. 'ஆரோக்கிய பானம்' என்ற வகையே நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பதும் 2024இல் தெளிவாக்கப்பட்டது.

ஆராய்ச்சி கூறுவது

மாற்று உணவு பயன் தருமா? தரும் என்றே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மைக்கேல் லீன், ராய் டெய்லர் ஆகிய பேராசிரியர்கள் நடத்திய 'டைரெக்ட்' என்னும் ஆராய்ச்சியின் முடிவு 2017இல் வெளியாயிற்று. நீரிழிவு தோன்றி ஆறு ஆண்டுக்கு மேற்படாத, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாள்தோறும் 850 கலோரி அளவில் மாற்று உணவு மட்டும் கொடுத்து, பின்னர்ப் படிப்படியாகச் சாதாரண உணவு தொடங்கப்பட்டது. ஓராண்டு முடிவில் இவர்களில் 46 சதவிகிதத்தினர் மருந்தின்றியே நீரிழிவு நீங்கிய நிலையில் இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அவ்வாறு இருந்தவர்கள் 4 சதவிகிதத்தினரே. 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைந்தவர்களில் 86 சதவிகிதத்தினர் இப்பயனைப் பெற்றனர். தெற்காசிய வமிசத்தவர் 25 பேரைக் கொண்டு பின்னர் ஸ்காட்லாந்தில் நடத்திய சிறு சோதனையிலும் இதனையொத்த பலன் காணப்பட்டது.

ஆனால் இம்முடிவைச் செய்தித்தாளில் படிப்பவர்கள் கவனிக்கத் தவறும் செய்திகள் இரண்டு. முதலாவது: சோதனையின் முதல் நாளிலேயே, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுத்து வந்த மாத்திரைகளை மருத்துவர்கள் நிறுத்திவிட்டனர், பிறகு தேவை கண்டபோது மட்டும் மறுபடியும் கொடுத்தனர். எடுத்துக்காட்டாகச் சொன்ன ஆசிரியைக்கு நேர்ந்த துன்பத்தின் காரணம் இங்கேதான் இருக்கிறது. உணவு குறைந்தது, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை குறையவில்லை. இரண்டாவது: அந்நோயாளர்கள் தனியே விடப்படவில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் உணவு நிபுணரும் அவர்களைத் தொடர்ந்து சந்தித்து வந்தனர். அவ்வாறிருந்தும் முதலாண்டில் சராசரி 10 கிலோ குறைந்திருந்த எடை, இரண்டாம் ஆண்டு முடிவில் 7.6 கிலோக் குறைவாகவே நின்றது. நீரிழிவு நீங்கியோரும் 46இலிருந்து 36 சதவிகிதமாயினர். தூள் எடையைக் குறைத்தது. குறைந்த எடையைக் காப்பது அதற்குப் பின் உண்ணும் உணவின் பொறுப்பாயிற்று.

மாவுச்சத்துக் குறைப்பு

மற்றொரு வழி, தூள் எதுவுமின்றி, அன்றாட உணவிலேயே மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குறைப்பது. இது புதிதன்று. 1863இல் இலண்டனில் வில்லியம் பான்டிங் என்னும் சவ அடக்கத் தொழிலர், தம் மருத்துவர் வில்லியம் ஹார்வியின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி எடை குறைந்தார்; அந்த அனுபவத்தைச் சிறு நூலாக அச்சிட்டு வழங்கினார். அது எவ்வளவு பரவிற்றென்றால், சுவீடன் நாட்டு மொழியில் எடைக்குறைப்புக்கு உரிய சொல் இன்றும் அவர் பெயரிலிருந்து பிறந்ததாகவே உள்ளது.

மாவுச்சத்து குறைந்தால் உடலில் நிகழ்வது என்ன? நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே செலவாகாத குளுக்கோசு, கிளைக்கோஜன் என்னும் பொருளாகக் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் முதலில் இச்சேமிப்புக் கரைகிறது. அதனுடன் நீரும் வெளியேறுகிறது. ஆகவேதான் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததென்று பலர் மகிழ்கின்றனர். அதில் பெரும்பகுதி நீரே, கொழுப்பன்று. மாற்று உணவிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்பவர் ஒரு கிலோக் கொழுப்பை இழக்க, கணக்கின்படி பதினைந்து நாள் ஆகும். இதனினும் விரைவாகக் குறையும் என்று வாக்களிக்கும் விளம்பரத்தை ஐயுறுவது நலம்.

நாள் ஒன்றுக்கு 130 கிராமுக்குக் குறைந்த மாவுச்சத்தைக் குறைந்த அளவு என்றும், 50 கிராமுக்குக் கீழ்ப்பட்டதை மிகக் குறைந்த அளவு என்றும் பொதுவாக வகுக்கின்றனர். மிகக் குறைந்த நிலையில் கல்லீரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் பொருள்களை உண்டாக்க, மூளை அவற்றைக் கொண்டு தன் தேவையின் ஒரு பகுதியை நிறைவு செய்துகொள்கிறது. இந்நிலையை நெடுநாள் கடைப்பிடிப்பது கடினம்; சோறுண்டு வளர்ந்தவர்க்கு மிகவும் கடினம்.

இதன் பயனையும் அளந்திருக்கின்றனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மாவுச்சத்தும் மறு பிரிவினர்க்குக் கொழுப்பும் குறைந்த உணவை ஓராண்டு அளித்தனர். 2018இல் வெளியான முடிவின்படி முன்னவர் சராசரி 6.0 கிலோவும் பின்னவர் 5.3 கிலோவும் குறைந்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று என்பது ஆய்வாளரின் முடிவு. இரு பிரிவினரும் காய்கறி மிகுத்து, சர்க்கரையும் தீட்டிய மாவும் குறைத்து, முழு உணவை உண்டனர் என்பதே இருவருக்கும் பயனளித்த பொதுக் காரணமாகத் தோன்றுகிறது. மாவுச்சத்தைக் குறைப்பதில் மந்திரம் ஏதுமில்லை. மொத்தக் கலோரி குறைவதற்கு அது ஒரு நல்ல வாயில்.

நம் நாட்டு உணவும் நம் நாட்டு ஆய்வும்

அமெரிக்கருக்குப் பொதுவானது நமக்கும் அப்படியே பொருந்துமா? இந்தியரின் உணவு மாவுச்சத்து மிகுந்தது. மேலே குறிப்பிட்ட நாடளாவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025ஆம் ஆண்டு வெளியாயிற்று. நம் மக்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தும், சுமார் 12 சதவிகிதம் மட்டுமே புரதத்திலிருந்தும் கிடைப்பதாக அதில் கண்டனர். மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதியைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தால் ஈடு செய்வோருக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் குறைவு என்றும் தெரிந்தது. களப்பணியாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய முடிவு இன்னொன்றும் உண்டு. அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானியம் என்று மாற்றிவிட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிட்டால், அம்மாற்றத்தால் மட்டும் நீரிழிவின் வாய்ப்புக் குறைவதாகக் காணப்படவில்லை. கம்பும் தினையும் நார்ச்சத்து மிகுந்த நல்ல உணவுகளே. ஆயினும் அவற்றையும் அளவின்றி உண்டால் பயனில்லை.

இந்நிறுவனத்தாரே 2022இல் 18,090 பேரின் உணவுக் கணக்கை ஆராய்ந்து ஓர் அளவைக் கணித்துக் கூறினர். நீரிழிவின் வாயிலில் நிற்போர் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 50 முதல் 56 சதவிகிதம் வரை குறைத்து, புரதத்தை 18 முதல் 20 சதவிகிதமாக உயர்த்தினால் பயனுண்டு என்பது அக்கணிப்பு. இது மேனாட்டார் பேசும் கடுமையான குறைப்பன்று. வீட்டுச் சமையலறையில் செய்யக்கூடியது.

உணவு ஆராய்ச்சியில் தமிழகத்துக்குள்ள உறவையும் இங்கே நினைவுகூரலாம். இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் அவர்களால் பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையில் தொடங்கப்பட்டதே ஆகும். மிகத் தீட்டிய அரிசியே முதன்மை உணவாக இருந்தபோது அதில் இல்லாத உயிர்ச்சத்தைப் பற்றி அன்று ஆராய்ந்தனர். இன்று அதே அரிசியின் மிகுதியைப் பற்றி ஆராய்கின்றனர். அந்நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, 2,000 கலோரி தேவைப்படுவோர் நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லிலிட்டர் என்ற அளவில் உண்ண வேண்டும் என்கிறது. உடலை வளர்க்கும் நோக்குடன் புரதத் தூள்களை உண்ண வேண்டா என்றும் அது அறிவுறுத்துகிறது.

ஒரு வீட்டின் கணக்கு

இவ்வெண்கள் தட்டில் எவ்வாறு தோற்றமளிக்கும்? 2,000 கலோரி உண்பவர்க்கு 62 சதவிகிதம் என்பது 1,240 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருவதால், அது 310 கிராம் மாவுச்சத்துக்குச் சமம். 50 சதவிகிதம் என்பது 250 கிராம். குறைக்க வேண்டியது 60 கிராம். சமைக்காத அரிசி 75 கிராமில், அதாவது ஏறத்தாழ 200 கிராம் சோற்றில், இவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது. ஒருவேளை உண்ணும் சோற்றின் பெரும்பகுதி, அவ்வளவே.

புரதக் கணக்கையும் பார்ப்போம். 12 சதவிகிதம் என்பது 60 கிராம். 18 சதவிகிதம் என்பது 90 கிராம். கூட்ட வேண்டியது 30 கிராம். 50 கிராம் பச்சைப் பயற்றில் ஏறத்தாழ 11 கிராம், 300 மில்லிலிட்டர் தயிரில் 9 கிராம், முட்டை இரண்டில் 12 கிராம் புரதம் உள்ளது. முட்டை உண்ணாதோர் 25 கிராம் சோயா உருண்டையால் அதே அளவைப் பெறலாம். மீன் மலிவாகக் கிடைக்கும் மும்பையில் மீனும் சிறந்ததே. பயற்றிலும் மாவுச்சத்து உண்டாதலால், பயறு கூட்டும் அளவுக்கு ஏற்பச் சோற்றை இன்னும் சிறிது குறைக்க வேண்டும். எடையும் குறைய வேண்டுமாயின் எண்ணெய், சர்க்கரை, மாலைப் பலகாரம் ஆகியவற்றிலும் கை வைக்க வேண்டும். சர்க்கரை இட்ட காப்பி நாளில் நான்கு குவளை பருகுபவர், ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை இட்டால், 160 கலோரியை அறியாமலே உண்கிறார்.

இம்முறையில் சந்தைக்குச் சென்று வாங்கும் பொருள் எதுவும் புதியதன்று. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சமையலை உண்ணலாம். அளவில் மட்டும் வேறுபாடு. ஒருவருக்கென்று தனியே டப்பா வாங்கும் குடும்பத்தில், அச்செலவுக்காகக் குழந்தைகளின் பாலும் பழமும் குறைந்துவிடலாகாது. தூளின் விலையைக் கணக்கிடும்போது, டப்பாவின் விலையை அல்ல, ஒரு குவளைக்கு ஆகும் விலையைக் கணக்கிட்டு, அதே புரதத்தைத் தரும் பயறு, தயிர், முட்டை ஆகியவற்றின் விலையுடன் ஒப்பிட வேண்டும்.

யாருக்கு எது?

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனில், இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையன்று. வெவ்வேறு நோக்கத்துக்கு உரியவை. மிகுந்த பருமனுடன் நீரிழிவு அண்மையில் தோன்றியவர், விரைந்து எடை குறைய வேண்டியவர் ஆகியோர்க்கு, மருத்துவர் மேற்பார்வையும் மாத்திரை மாற்றமும் கிடைக்குமாயின், சில மாதங்களுக்கு மாற்று உணவு பயன் தரலாம். அலுவலில் ஒருவேளை மட்டும் உணவு கிடைக்காது கடைப் பலகாரத்தை நாடுபவர்க்கு, அவ்வொருவேளைக்குத் தரமான மாற்று உணவு தீங்கன்று. ஏனைய பெரும்பாலோர்க்கு, ஆண்டுக்கணக்கில் கைக்கொள்ளத்தக்க வழி அளவான மாவுச்சத்துக் குறைப்பே. தூளில் தொடங்குபவரும் ஒரு நாள் சோற்றுத் தட்டுக்கே திரும்ப வேண்டும்; அத்தட்டு பழைய அளவிலேயே காத்திருக்குமாயின், எடையும் பழைய அளவுக்கே திரும்பும்.

இவற்றுடன் உடற்பயிற்சியைச் சேர்ப்பது அவசியம். சென்னையில் இராமச்சந்திரன் அவர்கள் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே நீரிழிவு தோன்றும் வாய்ப்பை 28.5 சதவிகிதம் குறைத்தன. எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் கரையும். முதியோர் இதனால் தளர்வுற்று விழ நேரிடும். போதிய புரதமும், தசைக்கு வேலை தரும் பயிற்சியும் இதனைத் தடுக்கும்.

எச்சரிக்கைகள்

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ பயன்படுத்துவோர், மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைக்கலாகாது. மாத்திரையைத் தாமே நிறுத்தவும் கூடாது. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால், சர்க்கரை தாழ்ந்ததெனக் கொண்டு உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோசோ நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்போர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், இரத்தச் சர்க்கரை அதிகமின்றியே கீட்டோன் மிகுந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இதன் அறிகுறிகள்.

கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயுடையோர், பித்தப்பைக் கல் உடையோர் ஆகியோர்க்கு இம்முறைகளைக் களப்பணியாளர் தாமாகப் பரிந்துரைக்கலாகாது. முயற்சி ஏதுமின்றி ஒருவரது எடை குறையுமாயின், அது மகிழத்தக்கதன்று. காச நோய்க்கும் நீரிழிவுக்கும் பரிசோதனை செய்விக்க வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

வீடுகளுக்குச் செல்லும் பணியாளர், "என்ன உண்கிறீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "என்ன மாத்திரை உண்கிறீர்கள்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நூறு கிராம் அரிசியைக் கொண்ட ஓர் அளவுக் கிண்ணத்தையும் இடுப்பளவு நாடாவையும் உடன் எடுத்துச் சென்றால், நீண்ட சொற்பொழிவு தேவைப்படாது. ஆசிரியர்கள் டப்பாக்களின் மேற்சீட்டுகளை வகுப்பிலேயே கணக்குப் பாடமாக்கலாம். நூறு கிராமில் சர்க்கரை எவ்வளவு, ஒரு குவளையில் புரதம் எவ்வளவு, அதன் விலை என்ன என்று மாணவர் தாமே வகுத்துக் கண்டால், விளம்பரத்தின் சொல் அவர்களை எளிதில் மயக்காது. எடை மிகுந்த மாணவரைப் பிறர் முன் சுட்டிக் காட்டுவது கூடவே கூடாது.

திலக் நகர் ஆசிரியைக்கு மருத்துவர் அளித்த விடையும் இதுவே: தூளிலும் தப்பில்லை, மாத்திரையிலும் தப்பில்லை, இரண்டையும் ஒருங்கே அறிந்த ஒருவரைக் கேளாததே தப்பு. மாத்திரையின் அளவு மாற்றப்பட்டது. இரவுச் சோறு பாதியாகி, சுண்டலும் தயிரும் பொரியலும் அவ்விடத்தை நிரப்பின. காலையில் அவர் கட்டடத்தைச் சுற்றி நடக்கிறார். மின்தூக்கியை விடுத்து இரண்டு மாடி ஏறிய பின்னரே அதனை நாடுகிறார். எடை மெதுவாகவே இறங்குகிறது. காலியான டப்பாக்கள் இரண்டிலும் இப்பொழுது துவரம் பருப்பும் கொண்டைக்கடலையும் நிறைந்திருக்கின்றன.